'எதுக்கும் இருக்கட்டும்' மாமா

பேரனைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிற விமானம் எதில் ஏறினாலும் இந்த மாமா இருப்பார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டிய டிக்கெட்டைத்தான் தேடிப் பிடித்து வாங்கியிருப்பார். விலை குறைவு, அதோடு அத்தைக்கு ஒரு வாக்குறுதியும் கொடுத்தாயிற்று: "போற வழியில சிங்கப்பூரைச் சுத்திக் காட்டிடறேன்."

தகவல் எல்லாம் விரல் நுனியில். ஆஸ்திரேலிய விசா வைத்திருக்கும் இந்தியர், சிங்கப்பூர் விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை அங்கே தங்க வழி உண்டு; ஆனால் உள்ளே விடுவதா என்பது குடிநுழைவு அதிகாரியின் முடிவு. எக்ஸ்போ நிலையத்தில் ரயில் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. அங்கே வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா மார்க்கெட், முஸ்தபா கடை. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களை விமான நிலையமே இலவசமாக ஊர் சுற்றிக் காட்டும். இவ்வளவும் தெரிந்தவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: எழுந்து நடப்பது.

"என்னங்க, கிளம்பலாமா?"

"இரு, கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்."

ஒன்பது மணி நேரம். விமானத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் கேட்டில் இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் பாதுகாப்புச் சோதனையே கேட்டில்தான். மிச்சம் எட்டு. குடிநுழைவு வரிசைக்கு ஒன்று, ஏழு. ரயிலில் போகவர இரண்டு, ஐந்து. மழை பெய்தால்? ஒன்று, நாலு. திரும்பும்போதும் வரிசை இருக்குமே, மூன்று. "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு. மிச்சம் ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு அலைச்சல்?"

"சரி, அந்த இலவச பஸ்ஸுலயாவது போகலாமே?"

"அதுவும் வெளியேதானே போகுது? டிராஃபிக்ல மாட்டினா?" இன்னொரு முறை கணக்கு நடக்கும். முடிவு எடுத்து அந்தச் சுற்றுலா கவுன்ட்டருக்குப் போகும்போது இடம் நிரம்பியிருக்கும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். என்ன சொன்னார் என்று அத்தை கேட்பதில்லை.

விமான நிலையத்தில் 2019இல் திறந்த ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கிறது. அதன் அடியில் போய் நிற்க வேண்டுமானால் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். மாமா தாண்டமாட்டார். டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜூவலுக்குள்ளேயே புகுந்து போவதால், கண்ணாடி வழியே பார்த்து, "அருவி ஆச்சு" என்று கணக்கை முடிப்பார். பிறகு மூன்றாம் டெர்மினல் பட்டாம்பூச்சித் தோட்டம். அப்புறம் இலவசமாகக் கால் பிடித்துவிடும் நாற்காலி, நடக்காத கால்களுக்கு!

முஸ்தபாவில் அத்தை வாங்க நினைத்த தைலத்தை விமான நிலையக் கடையில் வாங்கிக்கொண்டு, விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஊர் திரும்பியதும் அவர்தான் நிபுணர். "சிங்கப்பூரா? ரெண்டு தடவை போயிருக்கேன். சுத்தமான ஊரு. வெளியே போகாம வந்துடாதீங்க!"

காலையில் இறங்கி, பெட்டி நேராக அடுத்த விமானத்துக்கே போகிறது, கையில் ஏழெட்டு மணி நேரமும் இருக்கிறது என்றால், விசா விதியை முன்கூட்டியே சரிபார்த்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் உள்ளேயே இருங்கள். எப்படியானாலும் மாமாவிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள்; அவர் கணக்கை முடிப்பதற்குள் உங்கள் விமானமே கிளம்பிவிடும்.