எந்தக் கந்தையா?

தம்பி, இஞ்சை வா. மடிக்கணினியை மூடாதை, அது கிடக்கட்டும். உபயகாரர் பட்டியலைக் கொம்பியூட்டரிலை ஏத்திப்போட்டன், இனிப் பேரை அடிச்சாக் காணும், விபரம் வந்து விழும் எண்டு முந்தநாள் கோயில் மடத்திலை நெஞ்சை நிமித்திச் சொன்னனி. விழுந்ததுதான். பனையடிக் கந்தையாவின்ரை மடியிலை.

எங்கடை ஊரிலை கந்தையா எண்டு ஒருக்கால் சொல்லிப் பார். வாய் மூட முதல் 'எந்தக் கந்தையா?' எண்டு கேப்பினம். சங்கக்கடைக் கந்தையாவோ, பனையடியாரோ, வாத்தியாரோ? ஆறு வயதுப் பெட்டைக்குத் தெரிஞ்ச கேள்வி உன்ரை எக்ஸெல் வீலுக்கப்புக்குத் தெரியேல்லையே! அது மேலையிருந்து இறங்கி வரும். முதல் கண்ட கந்தையாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டியந்திடும். கீழை இன்னும் இரண்டு பேர் நிக்கினமெண்டு திரும்பியும் பாராது. சூத்திரத்தின்ரை கடைசியிலை, பேர் அப்பிடியே பொருந்தோணும் எண்டு சொல்லுற சைபரைப் போட மறந்தியோ, இன்னும் விசேஷம். பட்டியல் அகரவரிசையிலை இல்லாட்டிக் கந்தையாவைக் கேக்கக் கதிரவேலுவைத் தந்தாலும் தரும்.

உன்ரை அப்புவின்ரை காணி உறுதியை விரிச்சுப் பார். காணிக்கு ஒரு பேர். எத்தினை பரப்பு. பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு, நாலு எல்லையிலையும் ஆற்றை காணி எண்டு. ஏன் இவ்வளவு? ஒரே பேரிலை பல துண்டு கிடக்கும். எட்டுப் பரப்புக் காணியும் ஊருக்குள்ளை எத்தினையோ. எல்லாம் ஒருமிக்கப் பொருந்துறது ஒண்டுதான். 1658 இலை யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தன் காணித் தோம்பு எழுதினது என்ன, எக்ஸெல்லிலையோ?

சரி, உன்ரை வழிக்கே வாறன். பேர், தகப்பன்ரை முதலெழுத்து, வட்டாரம். ஒவ்வொண்டும் சரியெண்டால் 1, பிழையெண்டால் 0. மூண்டையும் பெருக்கு. 1 வாற வரியை மச் தேடிப் பிடிக்கும், இன்டெக்ஸ் எடுத்துத் தரும். கலியாணப் பேச்சுக் கணக்குத்தான். சாதகம் பொருந்தும், படிப்புப் பொருந்தும், சீதனம் சைபர். பெருக்கினா என்ன வரும், சொல்லு? பழைய எக்ஸெல் எண்டால் கொன்ட்ரோல், சிஃப்ட், என்டர் மூண்டையும் ஒண்டா அமத்தோணும், பேயோட்டுற மாதிரி. 2019 இலை அறிவிச்ச எக்ஸ்லுக்கப் இருக்கிற புதுசுகளிலை அந்தக் கூத்து இல்லையாம்.

பெருக்கல் ஒத்துவராட்டி, இரண்டு நிரலை ஒட்டி மூண்டாவது நிரல் ஒண்டு செய். ஆனா சும்மா ஒட்டாதை. 1ஆம் வட்டாரம் 12ஆம் வீடும் 112. 11ஆம் வட்டாரம் 2ஆம் வீடும் 112. ஆற்றை வளவு ஆரிட்டைப் போச்சு? நடுவிலை ஒரு கோடு போடு. வேலி, தம்பி, வேலி! இரவோடிரவாக் கதியாலைத் தள்ளி நட்டு வழக்குக்குப் போன சனத்துக்கு இதை நான் சொல்லித் தரோணுமோ?

இன்னொண்டு. பேருக்குப் பின்னாலை ஒரு வெளி விட்டு அடிச்சிருக்கிறாய். உனக்குத் தெரியாது, எனக்குந் தெரியாது. எக்ஸெல்லுக்கு அவர் வேறை கந்தையா.

நல்லூருக்கு 25 நாள் திருவிழா. எங்கடை கோயிலுக்குப் பத்தே பத்து. அதிலை தேர்த் திருவிழாவுக்குக் காசு கட்டினது வாத்தியார். பற்றுச்சீட்டை வாங்கி மடிக்குள்ளை செருகினது பனையடியார். கட்டாத காசுக்கு இப்ப ஊரெல்லாம் புண்ணியம் சொல்லிக்கொண்டு திரியிறார். அதைத் திருப்பி வாங்க ஒரு சூத்திரம் இருந்தாப் பாரன், ராசா.