முள் குத்துமா, எகிறுமா?

கேள்வி: டி.வி.யில் ஆஸ்திரேலியாவின் எக்கிட்னாவைப் பார்த்தேன். அது நம்மூர் முள்ளெலிக்குச் சொந்தமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முள்ளைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடினால், கள்ளிச்செடிக்கும் பத்திரிகை அனுப்ப வேண்டியிருக்கும்! எக்கிட்னா முட்டையிட்டுப் பாலூட்டும் அதிசயப் பிறவி. பல்லே கிடையாது, நீண்ட நாக்கால் எறும்பையும் கரையானையும் வழித்துத் தின்கிறது. நம்மூர் முள்ளெலி குட்டி போடும். பெயரில்தான் எலி, உறவு முறையில் மூஞ்சூறுக்குப் பங்காளி. முள்ளம்பன்றியோ பெயரில்தான் பன்றி, நிஜத்தில் எலிக் குடும்பம். மூன்றுக்கும் பொது ஒன்றுதான்: முள் என்பது தடித்து இறுகிய ரோமம். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்.

முள்ளம்பன்றி முள்ளை அம்பாக எய்யும் என்பது கதை. பட்டால் கழன்று குத்தி நிற்கும், அவ்வளவே.

முள்ளெலியின் வித்தை வேறு. முதுகுத்தோலின் ஓரத்தில் ஓடும் தசையைச் சுருக்குப்பை நாடாபோல இழுத்தால் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய்விடும். திண்டுக்கல் பூட்டு தோற்றது! சாவியும் அதனிடமே. தென்னிந்தியாவுக்கே உரிய இந்த இனத்துக்கு இயற்கையியலாளர் ஹார்ஸ்ஃபீல்டு 1851இல் அறிவியல் பெயர் சூட்டினார்.

ஆனால் மனிதரிடம் அந்தப் பூட்டு பலிக்கவில்லை. கக்குவான் இருமலுக்கு முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் கிராமங்களில் உண்டு. கெரட்டின் சாம்பல் இருமலை நிறுத்தாது. அரசு மருத்துவமனையில் கக்குவானைத் தடுக்கும் ஊசி இலவசம், முள்ளெலியை விட்டுவிடுங்கள்.