மூக்கில் யானை, வியர்வையில் நாம்

கேள்வி: மனிதனை மிஞ்சிய மிருகம் உண்டா? (வாசகர், ஜெயமங்கலம்)

பதில்: உங்கள் தேனி மாவட்டத்துக்கே ஒரு காட்டு யானை வந்து நிரூபித்துவிட்டுப் போனதே! 2023 ஏப்ரல் கடைசியில், கேரளத்தின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் என்ற அந்த யானைக்கு ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அவனோ மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே 27-ல் கம்பம் தெருவில் வந்து நின்றான். ஊருக்கு 144 தடை உத்தரவு. அவன் தள்ளிவிட்டதில் காயமடைந்த ஒருவர் இறந்தே போனார். அந்த வீட்டின் துயரத்துக்கு ஆறுதல் ஏது? அப்படிப்பட்ட நேரத்திலும் செல்போனும் கையுமாகப் பின்னால் ஓடியது ஒரு கூட்டம். யானை எந்தக் காலத்திலும் நம்மைப் படமெடுக்கத் துரத்தியதில்லை. கடைசியில் அவனை மடக்க நமக்குக் கும்கி யானைகளே கைகொடுத்தன. ஜூன் 5-ல் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மோப்பத்தில் போட்டியே இல்லை. வாசனை அறியும் மரபணுக்கள் யானைக்கு ஏறத்தாழ 2,000. நமக்குச் சுமார் 400. ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டதா என்று நாம் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். அரிசிக்காக ரேஷன் கடைகளையே உடைத்த அரிக்கொம்பனுக்கு அந்தச் சிரமம் இல்லை.

நமக்கும் ஒரு வெற்றி உண்டு. யானைக்கு உடம்பு வியர்ப்பது அபூர்வம். காதை விசிறிச் சூட்டைத் தணிக்கும். நமக்கோ மேலெல்லாம் வியர்வை. அதனால் வெயிலில் நெடுந்தூரம் ஓடுவதில் நம்மை வெல்லும் மிருகங்கள் குறைவு. ஆனால் யானை துரத்தும்போது இதை நம்பி நிற்காதீர்கள்: குறுந்தூரத்தில் அதன் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்!