பாலத்தில் பொங்கும் சாகா

ஜொகூர் தரைப்பாலத்தை ஒட்டியே தண்ணீர்க் குழாய்கள் சிங்கப்பூருக்குப் போகின்றன. 1962 ஒப்பந்தப்படி நாளுக்கு 25 கோடி கேலன் வரை. ஆயிரம் கேலன் 3 சென். பக்கத்திலேயே நெரிசலில் ஆவி கக்கி நிற்கிறது ஒரு பழைய புரோட்டோன் சாகா. தண்ணீர் இல்லையாம்!

எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினால் கசிவு தானாகக் காட்டிக்கொடுக்கும்: வெடிப்புவிட்ட ஹோஸ், தளர்ந்த கிளிப், வாட்டர் பம்பின் கசிவுத்துளை. சில சமயம் மூடியின் ரப்பர் மட்டுமே குற்றவாளி. உரிமையாளரோ அதை மாற்றாமல், பின்சீட்டில் தண்ணீர்ப் புட்டிகளைக் குடும்பம்போல் உட்காரவைக்கிறார். கூலன்ட் செலவு மிச்சம், துரு இலவசம்.

சிங்கப்பூர் வண்டிகள் எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் வேண்டுமென்று அங்கே சட்டம். சாகாவின் ரேடியேட்டரை எட்டிப் பார்க்கத்தான் இரு கரையிலும் அதிகாரி கிடையாது.