மீன் போட்ட பேரேடு

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கூடத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். வீடு ராஜபாளையம். இந்த ஆளுக்கும் சிந்து சமவெளிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கு முன்பே என் மனைவி கேட்டுவிட்டாள்.

சம்பந்தம், பத்து லட்சம் டாலர். சிந்து எழுத்தைத் தெளிவாகப் படித்துக் காட்டுகிறவர்களுக்கு அந்தத் தொகை பரிசு என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். கால்குலேட்டரைத் தட்டினேன். எட்டரைக் கோடி சொச்சம். “வரட்டும். அதுக்கு முன்னாடி சிலிண்டர் புக் பண்ணுங்க” என்றாள்.

1924 செப்டம்பரில் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் இந்த நாகரிகத்தை உலகத்துக்கு அறிவித்தார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் முட்டிப் பார்த்துவிட்டார்கள். நம் ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், குறிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, 417 என்று எண்ணி, 1977-ல் பெரிய தொகுப்பாகவே போட்டார். என்னிடமும் எக்ஸெல் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறி. ஒரே பக்கத்தில் அதிகபட்சமாகக் கிடைத்ததே பதினேழுதான். எங்கள் முதலாளி அனுப்பும் வாட்ஸ்அப் இதைவிட நீளம், அதுவும் தமிழில். அதுவே எனக்குப் பாதி நாள் புரிவதில்லை.

சரி, சுற்றிக்கொண்டு போவோம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். 1875-ல் தொடங்கிய இடம், படித்தவர்கள் வந்துபோன இடம். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்ததால் முதல் நாள் ஆராய்ச்சி தூக்கத்தில் முடிந்தது.

முழித்திருந்த நாட்களில் படித்தது, சிந்துவெளியோடு வியாபாரம் செய்த மெசபடோமியா. யூப்ரடீஸ், டைக்ரிஸ் கரைக்காரர்கள் களிமண் பலகைகளில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதைப் படிக்கவும் முடிகிறது, ஏனென்றால் ஈரானில் பெஹிஸ்தூன் பாறையில் ஒரே சேதியை மூன்று மொழியில் வெட்டி வைத்த புண்ணியவான் ஒருவன் இருந்தான். ராஜா, போர், சாபம் என்று எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பினால், பெரும்பாலும் பார்லி வரவு, ஆடு இருப்பு, பீர் பற்று. ஆபீசை விட்டு ஓடிவந்து ஆபீசிலேயே விழுந்தேன்.

நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய சுமேரியப் பலகைகளில் ஆயிரக்கணக்கான நெசவுப் பெண்களுக்கு அளந்த பார்லியும் கம்பளியும் வரிசையாக இருக்கிறது. நான் சனிக்கிழமை போடுகிற கூலிப் பட்டியல்தான். அதை எழுதியவனுக்கு இன்கிரிமென்ட் கிடைத்ததா என்று தேடினேன். அவனுக்கும் இல்லை போலிருக்கிறது.

இன்னொரு பலகை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 1750 வாக்கில், ஊர் என்ற பெயருடைய ஊரில், நன்னி என்பவர் ஈயா-நாசிர் என்ற வியாபாரிக்கு எழுதிய புகார். மட்டமான செம்பைக் காட்டுகிறாய், பிடிக்கவில்லையென்றால் போ என்கிறாய், அனுப்பிய ஆளை அவமானப்படுத்துகிறாய் என்று கொதிக்கிறார். நூல் மோசம் என்று நான் மில்லுக்கு எழுதும் கடிதத்தில் பெயர் மட்டும் வேறு. நன்னியின் கடிதம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. என்னுடையதற்கு இன்னும் பதிலே வரவில்லை.

மெலுகா என்று மெசபடோமியாக்காரர்கள் சொல்லும் நாடு சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. அங்கிருந்து வந்த கப்பல்கள் தன் துறைமுகத்தில் நின்றதாக அக்காத் மன்னன் சார்கோன் பீற்றிக்கொள்கிறான். மெலுகா மொழிபெயர்ப்பாளன் ஷு-இலிஷு என்று ஒருவனின் முத்திரைகூட பாரிஸ் லூவர் மியூசியத்தில் உண்டு. இரண்டு பாஷையும் தெரிந்த ஆள். பேரையும் உத்தியோகத்தையும் பொறித்துக்கொண்டவன், நாலு வார்த்தைக்கு அர்த்தம் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

உள்ளூர்ப் பக்கம் திரும்பினேன். கீழடிப் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று தமிழியில் பெயர்களே கிடைத்தன. நமக்குப் பக்கத்தில் வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-ல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, சங்கு வளையல், ஆட்டக்காய், காளை செதுக்கிய சூதுபவளம் என்று எடுத்தது. நானும் தொப்பி, நோட்டு சகிதம் போய்க் குழி ஓரத்தில் நின்று, “எழுத்து ஏதும் வந்திருக்காம்மா?” என்று கேட்டேன். மண் கூடை தூக்கிய அக்கா நிமிர்ந்து பார்த்து, “ஓரத்துல நிக்காதீங்க சார், சரிஞ்சிரும்” என்றார். என் கள ஆய்வு அத்துடன் நிறைவு பெற்றது.

பானைக் கீறல்களுக்கும் சிந்துக் குறிகளுக்கும் ஜாடை இருக்கிறது என்று படித்ததிலிருந்து பார்ப்பதெல்லாம் குறியாகிவிட்டது. லாண்டரிக்காரர் சட்டைக் காலரில் போட்ட குறி, நூல் மூட்டையில் லோடுமேன் சாக்பீஸால் போட்ட கோடு எல்லாவற்றையும் போனில் பிடித்தேன். மெமரி ஃபுல் என்று வந்தபோது பேத்தியின் காதுகுத்து வீடியோவை அழித்துவிட்டேன். இது இன்னும் வீட்டில் தெரியாது.

மாமியாரை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிப் போனதும் இந்தக் காலத்தில்தான். கல்வெட்டைக் காட்டி, என்ன எழுதியிருக்கு மாப்பிள்ளை என்றார். தெரியாவிட்டால் சொல்வதற்கென்றே ஒரு பதில் உண்டு: “நந்தா விளக்குக்கு ஆடு குடுத்திருக்காங்க அத்தை. சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடு தட்டாது.” சாகாத ஆடு எந்தச் சந்தையில் விற்கிறது என்று கேட்டார். இங்கே மட்டும் எனக்கு விஷயம் தெரியும். செத்ததற்குக் குட்டியை ஈடு வைத்து இடையர்கள் எண்ணிக்கையைக் குறையாமல் காப்பார்கள். பல சோழர் கல்வெட்டில் விளக்குக்கு 96 ஆடு, பேரேட்டில் என்றைக்கும் 96. தேய்மானமே போடாத சொத்து! சொல்லி முடித்த பெருமையில் நின்றபோது, பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியவர், “அந்தக் கல்லைத் திருப்பணியில தலைகீழா வச்சுட்டாங்க தம்பி” என்றார்.

இத்தனைக்கும் நடுவே மீன் வேறு. சிந்து மீன் குறியைத் திராவிட மொழியில் படிக்கலாம் என்று ஹீராஸ் பாதிரியார் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மீன்மேல் ஒரு மோகம். பேரேட்டின் ஓரத்திலும் போடத் தொடங்கினேன். மீன், மூன்று கோடு, ஒரு ஜாடி. அன்றைக்கு அர்த்தத்தோடுதான் போட்டேன்.

ஆடிட்டர் வந்தார். ஒரு பதினெட்டாயிரத்து நானூறுக்கு எதிரே விரலை வைத்தார். வவுச்சர் இல்லை. விவரம் எழுத வேண்டிய இடத்தில் மீன், மூன்று கோடு, ஜாடி.

“என்ன சார் இது?”

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். வலமிருந்து இடமாகவும் பார்த்தேன். எழுதியவன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான், பாஷையும் தெரியும், தேதிகூடப் பக்கத்தில் இருக்கிறது. பாவு நூலா, சைசிங் கூலியா, லாரி வாடகையா, ஒன்றும் பிடிபடவில்லை.

“சரி, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போடுங்க. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க” என்றார்.

மார்ஷல் கூட்டத்துக்கு நூறு வருஷம் கொடுத்தார்கள். எனக்கு ஆறு வாரம்.