அடுத்த ஞாயிறு அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டப வாசலில் கூட்டத்தைப் பார்த்தால், முகூர்த்தம் என்று நினைத்து மொய்க் கவரோடு உள்ளே போய்விடாதீர்கள். திருவள்ளூர், ஆவடி, பொன்னேரி பக்கமெல்லாம் அது செஸ் டோர்னமென்டாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். சந்தனக் கிண்ணம் இருக்கவேண்டிய இடத்தில் சுவரில் யாரோடு யார் ஆடுவது என்கிற பேரிங் தாள் ஒட்டியிருக்கும். அதற்கு முன்னால் அப்பாக்கள் முண்டியடித்துப் பிள்ளையின் போர்டு நம்பரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நெரிசலில் சேராமல், தோளில் கனத்த பையோடு ஒருவர் தூணோரமாக நிற்பார். இன்றைய போட்டியைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. அறிமுகம்கூட இல்லாமல் உங்களிடம் வந்து, "அடுத்த ஞாயிறு எங்க போறீங்க?" என்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆர்பிட்டர் என்கிற நடுவரின் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு அவர் 'அடுத்த ஞாயிறு அண்ணன்'. இந்த இனம் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் உண்டு. எங்கள் பக்கத்து அண்ணனுக்குப் பிழைப்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ஸ்டீல் கம்பெனியில். ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட். யார் காலையாவது பிடித்து ஞாயிறு பகலைக் காலி செய்துகொள்வார். சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக முதல் ரவுண்டில் வந்து உட்கார்ந்த நாட்களும் உண்டு. எதிராளி யோசிக்கும் நேரமெல்லாம் தூங்குவார். க்ளாக்கைத் தட்டும் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து ஒரு காயை நகர்த்திவிட்டு மறுபடி சாய்வார். அவருடைய ஆட்டங்களிலேயே உருப்படியானவை அப்படி ஆடியவைதான் என்பது மண்டபத்தின் ஏகோபித்த கருத்து.

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம் என்று வருவாய்த்துறை சொல்கிறது. ரயில்வே அதை ஒப்புக்கொண்டதில்லை. மின்சார ரயிலில் மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று தெற்கே வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு வண்டி பிடித்து பெரம்பூர், ஆவடி, திருநின்றவூர் என்று மேற்கே போகவேண்டும். "நம்ம மாவட்டத்துல குதிரை மாதிரிதான் சார் போவணும், நேரா போனா ஊர் வராது" என்பார் அண்ணன். பெரியபாளையம் வழியாகப் பஸ் இருக்கிறதே என்று கேட்டால், பஸ்ஸில் ப்ராஸ்பெக்டஸ் படித்தால் தலை சுற்றுகிறதாம்.

ப்ராஸ்பெக்டஸ் என்பது டோர்னமென்டின் கல்யாணப் பத்திரிகை. அதை அண்ணன் படிக்கிற விதமே வேறு. நாமெல்லாம் மேலே தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தப் பரிசுத் தொகையைப் பார்ப்போம். அவர் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே போவார். "எண்ட்ரி குறைஞ்சா பரிசும் குறையும்னு கீழ பொடி எழுத்துல இருக்கு பாருங்க. ஸ்பாட் எண்ட்ரி கிடையாதாம், ஆனா காலைல போனா வாங்கிப்பாங்க. லன்ச் பத்தி ஒண்ணும் போடல, அப்ப நாமதான் கட்டிக்கினு போவணும். அண்டர் லெவன் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் சைக்கிள். போன வாட்டி ஒரு பையன் ஜெயிச்சிட்டு அந்த சைக்கிளை எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏத்த முடியாம அவங்க அப்பா அழுவாத கொறை." ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிட நடை, கழிவறையில் தண்ணீர் வருமா, பரிசளிப்புக்கு வரும் பிரமுகர் எத்தனை மணி நேரம் பேசுவார் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இருக்காது. அண்ணனிடம் இருக்கும்.

பையில் என்ன கனம் என்று கேட்கிறீர்களா? க்ளாக். பல போட்டிகளில் போர்டும் க்ளாக்கும் ஆடுகிறவர்களே கொண்டுவர வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள். பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள். கொண்டுவந்தவர்களில் பாதிப் பேரின் க்ளாக்கில் செல் தீர்ந்திருக்கும். அண்ணனிடம் உபரி க்ளாக்கும், ரப்பர் பேண்ட் போட்ட பென்சில் செல் கட்டும், தொலைந்த சிப்பாய்க்குப் பதில் வைக்க ஒரு டப்பா நிறைய அனாதைக் காய்களும் எப்போதும் உண்டு. அவர் வராத ஞாயிறுகளில் முதல் ரவுண்டு பதினொரு மணிக்குத்தான் தொடங்குகிறது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களைவிட இவருக்கு நாம் கொஞ்சம் அதிகமாகவே கடமைப்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

செய்தியில் அவரை யாரும் முந்த முடியாது. 2022-ல் மாஸ்கோவில் நடப்பதாக இருந்த செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் அங்கிருந்து பெயர்ந்து மாமல்லபுரத்துக்கு வந்தபோது, டிவிக்கு முன்னால் தான்தான் சொன்னதாக இன்றும் அடித்துச் சொல்வார். அதற்காகச் சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த அன்று ஷிஃப்டைத் தள்ளிவைத்துப் போய் படம் எடுத்து வந்தார். ஒலிம்பியாடின் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையோடு தோளில் கைபோட்டு நின்ற படம் நெடுநாள் அவருடைய வாட்ஸ்அப் முகமாக இருந்தது. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், "உங்க ஊர்லதானே சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கோயில் இருப்பது பூவனூரில், நீடாமங்கலம் பக்கம், திருவாரூர் மாவட்டம். அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். "ஆமா சார், சக்தி வாய்ந்த சாமி" என்று சொல்லி அவரிடமும் அடுத்த ஞாயிறுக்கு ஒரு எண்ட்ரி வாங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஆறாத ஒரு வடு உண்டு. 2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம், கடைசி ஆட்டம் ஆடுகிறார்கள். இங்கே நல்ல மழை. அண்ணனுக்கு பி ஷிஃப்ட். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டிராவில் முடியவேண்டிய ஆட்டத்தில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும், 18 வயதுப் பையன் உலக சாம்பியன் ஆனதும், காஸ்பரோவ் 22 வயதில் வைத்த சாதனை உடைந்ததும், ஊர் உலகமெல்லாம் தெரிந்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் வெளியே வருகிறார். சைக்கிளில் கேனை வைத்துக்கொண்டு டீ விற்கிற பையன், செஸ் போர்டில் எத்தனை கட்டம் என்றுகூட அறியாதவன், "அண்ணே, நம்ம பையன் ஜெயிச்சிட்டானாமே, தெரியுமா?" என்று கேட்டுவிட்டான். குகேஷ் ஜெயித்த சந்தோஷத்தைவிட அதைத் தனக்கு இன்னொருவன் சொன்ன துக்கம் அவருக்குப் பெரிதாக இருந்தது. "தெரியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே போனார்.

அவர் எப்படி ஆடுவார் என்று இன்னும் சொல்லவில்லையே. ஆட்டக்காரராகவும் அவருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. ரேட்டிங் 1085-ல் கிடந்தபோது, 2024 மார்ச் 1-ம் தேதி உலக செஸ் சம்மேளனமான ஃபிடே ஒரு காரியம் செய்தது. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பதை ஒரேயடியாகக் கூட்டிக்கொடுத்தது. காலையில் எழுந்து பார்த்தால் அண்ணன் 1451. பர்ஃபி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அதே உத்தரவில் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1400 ஆக்கியிருந்ததையும் கவனித்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறாகக் கரைந்து சில மாதங்களில் 1400-க்குக் கீழே போய், பட்டியலிலிருந்தே காணாமல் போனார். நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். மனிதர் உற்சாகமாக இருந்தார். "இனிமே நான் அன்ரேட்டட். பெஸ்ட் அன்ரேட்டட் ப்ரைஸுக்கு எலிஜிபிள்!"

தோற்றாலும் வீட்டுக்குப் போகவேண்டாம் என்பது சுவிஸ் முறையின் அழகு. 1895-ல் சூரிச்சில் முதன்முதலாக அப்படி நடத்தினார்கள் என்பதை, தோற்றுவிட்டு வரும் ஒவ்வொருவருக்கும் அண்ணன் ஆறுதலாகச் சொல்வார். புள்ளி சமமானால், எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டி யார் மேலே என்று பார்க்கும் 'புக்ஹோல்ஸ்' கணக்கிலும் அவர் புலி. அதனால் தன்னைத் தோற்கடித்தவன் அடுத்தடுத்து ஜெயிக்கவேண்டும் என்று முழுமனதாக வேண்டிக்கொள்வார். அவன் போர்டுக்குப் பின்னால் போய் நிற்பார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுப்பார். தன்னை ஒன்பது நகர்த்தலில் மட்டையாக்கிய சிறுமிக்காக, திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆவடிப் பக்கம் ஒரு ரேப்பிட் டோர்னமென்ட். காலையிலேயே ஆர்பிட்டரிடம் போய், "போன் விஷயத்துல மட்டும் தாட்சண்யமே பாக்காதீங்க சார். அடிச்சா ஆட்டம் போச்சு, அவ்ளோதான்" என்று அண்ணனே எடுத்துக்கொடுத்தார். மைக்கைப் பிடித்து அதை அறிவித்ததும் அவர்தான். கடைசி ரவுண்டில் அவருக்கு எதிரே ஏழு வயசு இருக்கும் ஒரு பையன், நாற்காலியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அதிசயமாக அண்ணன் ஒரு யானை அதிகமாக வைத்திருந்தார். அதைவிட அதிசயம், விழித்திருந்தார். இன்னும் நாலைந்து நகர்த்தலில் மேட். ராணியைத் தூக்கக் கையை நீட்டினார்.

பைக்குள்ளே போன் அடித்தது.

பையன் பதறவில்லை. கோச் நன்றாகப் பழக்கியிருக்கிறார். க்ளாக்கை நிறுத்தி, கையைத் தூக்கி, "ஆர்பிட்டர்!" என்றான். அவர் வருவதற்குள் அண்ணன் தட்டித் தடவிக் கட் செய்தார், மறுபடி அடித்தது. ஆர்பிட்டர் அவரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தாட்சண்யம் பாராமல் ஒன்று - பூஜ்யம் என்று எழுதினார். அண்ணன் கைகுலுக்கிக் கையெழுத்துப் போட்டு, க்ளாக்கைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வேப்ப மரத்தடியில் கையில் போனோடு ஒருவர் காத்திருந்தார்.

"அண்ணே, நீங்கதானா? ரெண்டு வாட்டி அடிச்சேன், எடுக்கவே இல்லியே. அடுத்த ஞாயிறு எங்கயாவது இருக்கா? பையன் செம ஃபார்ம்ல இருக்கான். இப்பகூட யாரோ ஒரு பெரியவரை அடிச்சிட்டானாம்."

அந்தப் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தான். அண்ணன் பையைத் திறந்து ப்ராஸ்பெக்டஸை எடுத்தார்.

"பொன்னேரில இருக்கு சார். ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரம்தான். க்ளாக் இல்லன்னா நான் ஒண்ணு தர்றேன். தம்பியோட ஏஐசிஎஃப் ஐடி மட்டும் அனுப்பி வைங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஓபன்ல போடாதீங்க. அண்டர் நைன்லயே போடுங்க. பெரியவங்களோட ஆடினா புள்ளைக்கு பயம் வந்துடும்."