இளநீர் குடிக்கலாம், வழுக்கை கூடாது

தனியார் மருத்துவமனை ஒன்றில், பரிசோதனைக்கு வருகிறவர்கள் எப்படித் தயாராகி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. சொன்னபடி வந்தார்களா என்று காலையில் விசாரிப்பதும் நான்தான்.

"பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படலை பாப்பா" என்பார் பெரியவர். அவ்வளவு தியாகம் தேவையில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரப் பட்டினி போதும். தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் ஊசிக்கு நரம்பாவது சுலபமாக அகப்படும்.

"வேற எதுவும் சாப்பிடலையே?"

"எதுவும் இல்லை. காபி மட்டும்தான்."

"சர்க்கரை போட்டா?"

"சர்க்கரை டெஸ்டுக்கு வர்றவன் சர்க்கரை போடுவேனா? நாட்டுச் சர்க்கரை."

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் காபி குடித்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். ஆகவே அந்தக் காபி முந்தைய நாள் கணக்கில் போய்விடுகிறது. இப்போதெல்லாம் நான் "குடிச்சீங்களா?" என்று கேட்பதே இல்லை. "காபியா, டீயா?" என்கிறேன். உண்மை தானாக வந்துவிடுகிறது. வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன்: பால் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பையில் கல்லைத் தேடுவது கஷ்டம். "கல்லு தெரியாமப் போயிடுமா!" என்று அடுத்த முறை ஒழுங்காக வருவார்கள். அச்சடித்துக் கொடுக்கும் தாளில் 'கூடாது' மட்டும்தான் இருக்கிறது. ஏன் கூடாது என்று தெரியாத விஷயத்தில் நம் ஜனங்கள் பேரம் பேசாமல் விடமாட்டார்கள்.

அடிவயிற்று ஸ்கேன் இன்னும் பாவம். நிறைந்த மூத்திரப்பை குடலை ஒதுக்கிவிட்டால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவசர கேஸ் ஒன்று உள்ளே போகும். ஒரு அம்மா என் காதோரம் வந்து, "பாதி மட்டும் போயிட்டு வரட்டுமா?" என்பார். பாதியில் நிறுத்தித் திரும்பியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆபரேஷன் காலையில் எதிரி வேறு: பாசம். "மயக்க மருந்தைத் தாங்கணுமே, ரெண்டே இட்லி" என்று டிபன் டப்பா திறக்கும். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர் பிரசவ மயக்கத்தில் இதைக் கவனித்து 1946இலேயே எழுதிவைத்தார். இட்லிக்கு ஆறு மணி நேர இடைவெளி கேட்பது அதனால்தான். நான் மெண்டல்சன் வரைக்கும் போவதில்லை; நுரையீரல் என்றதுமே டப்பா மூடிவிடும்.

அதிகமாகக் கீழ்ப்படிகிறவர்களும் உண்டு. பட்டினி என்றதும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு, எகிறிய பிரஷரோடு வந்து நிற்பார்கள். எந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரிடம் முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் பல நாள் முன்னதாகவே.

ஆனால் நிஜமான பேச்சுவார்த்தை கொலனோஸ்கோபிக்காரர்களோடுதான். குடலைச் சுத்தம் செய்யும் பவுடரை லிட்டர் கணக்கில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்பதைக்கூட ஏற்றுக்கொள்வார்கள். கீரை, கொய்யா கூடாது என்றதும் போன் வர ஆரம்பிக்கும்.

"ரோஸ் மில்க்?"

"பாலும் கூடாது, சிவப்பும் கூடாது சார். உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும்."

"இளநீர்?"

"தாராளமா."

"வழுக்கையோட?"

"வழுக்கை வேண்டாம் சார்."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப அதை என்ன பண்றது?"

"துணைக்கு யார் வர்றாங்க?"

"வீட்டுக்காரி."

"அவங்களுக்குக் கொடுங்க."

"அவளுக்கு எதுக்கு? நாளைக்கு டெஸ்ட் முடிஞ்சதும் நானே சாப்பிட்டுக்கறேன். பிரிட்ஜ்ல வைக்கலாமில்ல?"